புதுப்பிப்பு: அவுரித் தொட்டி மீண்டும் உயிர்பெற்றது

அவுரிச் செடியின் நீலச் சாயத்தை நொதிக்கவைக்கும் தொட்டியில் முக்கி எடுத்த பருத்தி நூல் மங்கிய வெளிர்நீலமாகவே நிற்கிறது, அலசினால் அதுவும் போய்விடுகிறது என்று சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். நொதித்தலைத் தூண்ட ஊசித்தகரைச் செடியின் விதையை வேகவைத்துச் சேர்க்கச் சொன்னவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

தொட்டி புளித்துப்போனதுதான் காரணம். அவுரி நீலம் வெறும் நீரில் கரையாது. காற்றுப் படாத கார நீரில், நொதித்தலால் ஒடுக்கம் (ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான வேதிமாற்றம்) அடைந்தால்தான் கரைந்து நூலுக்குள் இறங்கும். நானோ அடிக்கடி கிளறிக் காற்றை உள்ளே விட்டதோடு, நொதித்தலில் உண்டாகும் அமிலத்துக்கு ஈடாகச் சுண்ணாம்பு சேர்க்கவும் தவறிவிட்டேன். விதைக் கஞ்சியை ஆறவைத்து ஊற்றி, சுண்ணாம்பிட்டு, மூடி அசைக்காமல் வைத்த நான்காம் நாள் மேலே செம்புநிற ஏடு படர்ந்திருந்தது. விலக்கிப் பார்த்தால் கீழே மஞ்சள்பச்சை நீர். அதில் முக்கி எடுத்த நூற்சிட்டத்தின் (நூல் கற்றையின்) உள்மடிப்பு பச்சையாகவே இருக்க, காற்றுப் பட்ட வெளிப்புறம் கண்ணெதிரே நீலமாக மாறியது. இடையிடையே உலர்த்தி எட்டு முறை முக்கினேன். இப்போது அலசும் நீர் தெளிவாக இருக்கிறது.

சாயத்திலிருந்து, தாளில் தீட்டும் வண்ணப்பொடி செய்வது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். சோழமண்டலக் கரையின் மணல் நிலத்தில் விளையும் சாயவேரை (சிவப்புச் சாயம் தரும் ஒரு செடியின் வேர்) ஊறவைத்துக் காய்ச்சி, வடிகட்டிய சாற்றில் படிகாரத்தையும் பிறகு சலவைச்சோடாக் கரைசலையும் சிறிது சிறிதாக விட்டேன்; நுரைத்து அடங்கியதும் சிவப்பு வண்டல் படிந்தது. அதைத் துணியில் வடித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, வேலம்பிசினுடன் அரைத்துத் தறியில் நெய்யவிருக்கும் வடிவத்தின் மாதிரித் தாள்களில் தீட்டுகிறேன். பிசின் நீரில் கரைந்துவிடுமாதலால் துணிக்கு இது உதவாது.

நீலப் பாவு நூலை (நீளவாட்டு இழையை) நேற்றுத் தறியில் ஏற்றிவிட்டேன். ஊடைக்கு (குறுக்கிழைக்கு) சாயவேர்ச் சிவப்பு நூல் காத்திருக்கிறது.