உப்புத் தண்ணி பாயும் மணலில் வேம் (VAM, வேருக்குள்ள வாழும் நல்ல பூசணம்) பிடிக்குமா?

மணல்மேடு:
தேவிபட்டினம் பக்கம், கடலோர மணல். போர் தண்ணி ஈ.சி. (உப்பளவு, டெசிசீமன்ஸ்/மீட்டர்) 2.8. முண்டு மிளகாய் நட்டப்போ வேம் தூளை டி.ஏ.பி.யோடு (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) கலந்து வரிசையில் தூவியாச்சு. வாடல் நோய்க்கு கார்பன்டசிம்ங்கிற பூசணக்கொல்லி கரைசலும் தூரில் ஊத்தியிருக்கு. வேம் போட்ட பாத்தி, போடாத பாத்தி ரெண்டும் ஒரே மாதிரி நிக்குது. பூசணத்தைக் கெடுத்தது உப்பா, வெயிலா?

உவர்க்காடு:
உப்பு மேலயே முழுப் பழியையும் போட முடியாதுங்க. உப்பு கூடினா பூசண வித்து முளைப்பதும் இழை ஓடுவதும் மந்தமாகும், வாஸ்தவம்தான். ஆனா மிளகாயே மண்ணுல ஈ.சி. 1.5 தாண்டினதும் மகசூல் இறங்குற பயிர். வேருக்குள்ள பிடிச்ச பூசணம், செடி சோடியத்தைக் குறைச்சு பொட்டாசியத்தைக் கூட எடுக்க உதவும். அதனால உப்புத் தண்ணி படுறதுக்கு முன்னாடியே, நாற்றங்கால்லயே பிடிக்க வச்சிடணும். சதுர மீட்டருக்கு 100 கிராம் வேம் தூள், 2-3 செ.மீ. ஆழத்தில் பரப்பி அதுக்கு மேல விதை போடுங்க. நாற்றுக்கு மட்டுமாவது ஊருணித் தண்ணி ஊத்துங்க. மேலாகத் தூவின தூளை வேர் தொடவே தொடாது.

கம்புக்கொல்லை:
எனக்கு உப்பை விட டி.ஏ.பி. மேலதான் சந்தேகம். மணிச்சத்து தாராளமாக் கிடைச்சா செடி, மணிச்சத்து எடுத்துத் தர்ற பூசணத்துக்குச் சர்க்கரை கொடுக்கிறதைக் குறைச்சிடும். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம்னு வந்திருந்தா டி.ஏ.பி.யே வேண்டாம். கார்பன்டசிமை வேரில் ஊத்தினா நோய்ப் பூசணம், நல்ல பூசணம்னு பார்க்காது. அதுக்குப் பதிலா விதைக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் பூசணம்). வயலுக்கு ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ மக்கின தொழு உரத்தில் கலந்து.

வெயிலும் சும்மா விடாது. உயிருள்ள வேர் இல்லாம வேம் பூசணம் வளராது. பங்குனியிலிருந்து ஆவணி வரை மொட்டை மணலாக் கிடந்தா மண்ணுல இருக்கிற பூசண இருப்பு கரைஞ்சு போகும். கோடை மழை ஒண்ணு கிடைச்சாலும் கம்போ தட்டைப்பயறோ விதைச்சு விடுங்க. ஆழ உழுது இழையை அறுக்க வேண்டாம். மூடாக்குக்குப் பனை ஓலை போதும். முளைக்கீரை, முள்ளங்கி, கடுகு இதையெல்லாம் நம்பாதீங்க, பூசணத்துக்கு அதுங்க வேர் ஆகாது.

மணல்மேடு:
பிடிச்சிருக்கானு எப்படிப் பார்க்கிறது? வேர்ல வெள்ளையா எதுவும் தெரியலை.

உவர்க்காடு:
கண்ணுக்குத் தெரியாதுங்க, வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்றது வேற பூசணம். நட்டு 45 நாள் கழிச்சு, ரெண்டு பாத்தியிலும் முடி போன்ற சல்லி வேரை எடுங்க. கையுறை போட்டுக்கிட்டு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நிறம் போகும் வரை சூடாக்கி, நல்லாக் கழுவி, 5% பேனா மை கலந்த வினிகரில் 3 நிமிஷம் கொதிக்க வைங்க. அப்புறம் ரெண்டு சொட்டு வினிகர் விட்ட தண்ணியில் அலசினா, 100 மடங்கு நுண்ணோக்கியில் இழையும் குமிழும் நிறமாத் தெரியும். போடாத பாத்தி வேரிலும் அதே அளவு இருந்தா, உங்க மண்ணுலயே நாட்டுப் பூசணம் இருக்குன்னு அர்த்தம். அப்போ தூளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், டி.ஏ.பி.யைக் குறைச்சாலே போதும்.