2016 பட்டம் கைமாறியது செபாங்கில்தான்: பார்த்தவர்கள் எழுதுங்க

பைபாஸ் ரோடு பட்டறை எழுதியது:

2016 ஃபார்முலா ஒன் சீசன் என்றாலே எல்லாரும் அபுதாபியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மெர்சிடிஸ் டீமின் ஹாமில்டனுக்கும் ரோஸ்பெர்க்குக்கும்தான் அந்த வருஷப் பட்டத்துக்குப் போட்டி, கடைசியில் வாங்கியது ரோஸ்பெர்க். கடைசி ரேஸில் ஹாமில்டன் முன்னால் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பின்னால் வந்த ரோஸ்பெர்க்கை வேறு டீம் டிரைவர்கள் வெட்டலிடமும் வெர்ஸ்டாப்பனிடமும் மாட்டிவிடப் பார்த்தார், வேகமாகப் போ என்று ரேடியோவில் டீம் சொல்லியும் கேட்கவில்லை. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். நல்ல ரேஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷப் பட்டம் கைமாறிய இடம் அது கிடையாது. அக்டோபர் 2, மலேசியா, செபாங், 41-ஆவது சுற்று. யார் வந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கூடவே காந்தி ஜெயந்தி, அதுவும் புரட்டாசி மாதம். கறிக்கடை எல்லாம் மூடிக் கிடந்தது. நம்ம நேரப்படி மதியம் 12.30-க்கு ரேஸ். எங்கள் மாமா பட்டறை பைபாஸ் ரோட்டுப் பக்கம், லாரி, வேன் இன்ஜின் வேலைதான் பெரும்பாலும். லீவு நாளில் மாடி அறையில் டிவி ஓடும், பட்டறைப் பசங்களும் பக்கத்து லேத் கடை அண்ணனும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாமாவுக்குப் புள்ளிக் கணக்கு, சாம்பியன்ஷிப் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். இன்ஜின் சத்தம் கேட்கத்தான் வருவார்.

ரேஸுக்கு முன்னால் ரோஸ்பெர்க் 273, ஹாமில்டன் 265. எட்டுப் புள்ளி வித்தியாசம், அது ஒன்றுமே இல்லை. ஹாமில்டன் போல் பொசிஷனில், அதாவது எல்லாருக்கும் முன்னால் நின்று, கிளம்பினார். முதல் வளைவிலேயே வெட்டல் உள்பக்கம் புகுந்து ரோஸ்பெர்க்கை இடித்துவிட, ரோஸ்பெர்க் கார் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. எல்லாரும் தாண்டிப் போனார்கள். முன்னால் ஹாமில்டன் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறார், பின்னால் ரோஸ்பெர்க் கூட்டத்தின் வாலில். அந்த நிமிஷத்தில் அறையில் இருந்த ஹாமில்டன் ஆட்கள் எல்லாம் புள்ளிப் பட்டியலையே மாற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

56 சுற்று ரேஸ். 41-ஆவது சுற்று தொடங்கும் இடத்தில், மெயின் ஸ்ட்ரெய்ட்டில், ஹாமில்டன் கார் பின்னாலிருந்து முதலில் புகை, அடுத்த நொடியே தீ. ரேடியோவில் அவர் கத்தியது இப்போதும் காதில் கேட்கிறது. ஓரம் கட்டிவிட்டு இறங்கி, தடுப்புப் பக்கம் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அறையில் ஒருத்தரும் பேசவில்லை. மாமா மட்டும், "மேல ஒண்ணும் இல்லப்பா, கீழ போயிருச்சு" என்றார். அவ்வளவுதான். சாப்பிட எழுந்து போய்விட்டார்.

அப்புறம் மெர்சிடிஸ் சொன்ன காரணம்: பிக் எண்ட் பேரிங். பிஸ்டனின் ராடு கிராங்க் தண்டில் மாட்டுகிற இடத்தில், இன்ஜினின் அடிப்பக்கம் இருப்பது.

மறுநாள் பட்டறையில் கேட்டேன், எப்படி மாமா சொன்னீங்க என்று. ஒரு வேன் இன்ஜினிலிருந்து கழற்றிய பிக் எண்ட் மெட்டலை (பேரிங்கைத்தான் பட்டறையில் மெட்டல் என்போம்) எடுத்து என் கையில் வைத்தார். அரைவட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய தகடு. நல்ல மெட்டலின் உள்பக்கம் மங்கின வெள்ளி நிறத்தில் வழவழவென்று இருக்கும். இதில் நடுவில் செம்பு தெரிந்தது, நீளநீளமாகக் கோடு விழுந்திருந்தது, ஓரம் கருத்துப்போயிருந்தது. நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொன்னார், கோட்டுக்குக் கோடு நகம் மாட்டியது. கிராங்க்கும் இந்தத் தகடும் ஒன்றையொன்று தொடவே கூடாதாம், நடுவில் எப்போதும் ஆயில் படலம் நிற்க வேண்டும், ஆயில் பிரஷர் ஒரு கணம் விட்டால் இரும்பும் இரும்பும் பேசிக்கொள்ளும், அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். லாரியிலாவது முதலில் கொஞ்சம் தட்டுகிற சத்தம் கேட்கும், டிரைவர் ஓரம் கட்டலாம். 15,000 ஆர்பிஎம் வரைக்கும் சுற்ற அனுமதி உள்ள இன்ஜினில் அதற்கு ஏது நேரம்?

நீங்கள் அந்த ரேஸை எங்கே பார்த்தீர்கள், என்ன பார்த்தீர்கள், எழுதுங்க.

மேலூர்க்காரன் எழுதியது:

அண்ணே, நான் அன்னைக்கு செபாங்லயே இருந்தேன். அப்போ கிள்ளான்ல வேலை. கூட வேலை பார்த்த ஒரு மலேசியத் தமிழ் நண்பர்தான் கூட்டிட்டுப் போனார். முதல் வளைவு தெரியுற பக்கம் உட்கார்ந்திருந்தோம். அந்த ஊர் வெயில் நம்ம ஊர் வெயில் மாதிரி இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே சட்டை ஊறிடும்.

செபாங் முதல் வளைவை டிவியில் பார்த்தால் அதன் அகலம் புரியாது. நேரில் பார்த்தால் ஊர்ச் சாலையில் நாலு லாரி பக்கவாட்டில் போகலாம் போலத் தெரியும். அதனால்தான் எல்லாருக்கும் ஆசை வருது, எனக்கு இடம் இருக்குன்னு. வளையப் போக வளையப் போக இறுகிக்கிட்டே போகும், உடனே இடதுபக்கம் அடுத்த வளைவு. வெட்டல் வெர்ஸ்டாப்பனுக்கு உள்பக்கம் போகப் பார்த்து ரோஸ்பெர்க் மேல ஏத்திட்டார். வெட்டல் கார் அங்கேயே முடிஞ்சது. அதுக்கு அவருக்கு அடுத்த ரேஸ் ஜப்பானில் மூணு இடம் பின்னால தள்ளித் தண்டனையும் கொடுத்தாங்க.

இன்ஜின் போனது எங்களுக்குக் கொஞ்ச தூரத்திலதான். தீ தெரிஞ்சதும் சுத்தி இருந்தவங்க எழுந்து நின்னுட்டாங்க. பாதிப் பேர் அய்யோன்னாங்க, பாதிப் பேர் கைதட்டினாங்க, ஏன்னா ரெட்புல் சட்டை போட்டவங்க எங்க பக்கம் நிறைய. கார் நம்ம கண்ணு முன்னால எரியும்போது கைதட்டுறது எனக்குப் பிடிக்கலை. அதைச் சொன்னதும் என் நண்பர், தம்பி, அவங்க ரிக்கியார்டோவுக்குத் தட்டுறாங்க, ஹாமில்டன் விழுந்ததுக்கு இல்லைன்னார். அதுவும் சரிதான். ஏன்னா அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ரிக்கியார்டோவும் வெர்ஸ்டாப்பனும், ஒரே ரெட்புல் டீம் ஆளுங்க, பக்கம் பக்கமா ரெண்டு மூணு வளைவு ஓட்டினாங்க. ரெண்டு பேரும் இடம் விட்டுக் கொடுத்து ஓட்டினாங்க, ஆனா ரிக்கியார்டோ பின்வாங்கலை. அந்த ஒரு சண்டைதான் கடைசியில் ரேஸையே ஜெயிச்சுக் கொடுத்தது. அன்னைக்கு அவர் பின்வாங்கியிருந்தா, ஹாமில்டன் நின்னதும் முதல் இடம் வெர்ஸ்டாப்பனுக்குப் போயிருக்கும்.

2017-க்கு அப்புறம் அங்க எஃப் ஒன் நடக்கலை. நான் இப்போ ஊருக்கே வந்துட்டேன்.

கே.கே.நகர் நம்பர் 6 எழுதியது:

பேரைப் பார்த்தாலே தெரியும், 6 ரோஸ்பெர்க்கின் கார் நம்பர், நான் ரோஸ்பெர்க் கட்சி. பட்டம் செபாங்கில்தான் போனது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் ஹாமில்டன் இழந்த 25 புள்ளியையே பேசுகிறீர்கள், ரோஸ்பெர்க் சம்பாதித்த 15 புள்ளியை யாருமே பேசவில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

முதல் வளைவில் சுற்றிப்போன கார். அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி மூன்றாம் இடம். ஃபெராரி டிரைவர் ராய்க்கோனனைத் தாண்டும்போது உரசியதற்குப் பத்து நொடி தண்டனை வேறு. மிச்சமிருந்த சுற்றுகளில் அந்தப் பத்து நொடியையும் தாண்டி இடைவெளியை ஓட்டியே சம்பாதித்து, தண்டனை கூட்டின பிறகும் மூன்றாம் இடத்தை வைத்துக்கொண்டார். பின்னால் ஃபெராரி இருக்கும்போது, சுற்றுக்குச் சுற்று அப்படி இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது கணக்கு. சீசன் முடிவு ரோஸ்பெர்க் 385, ஹாமில்டன் 380. செபாங்கில் ரோஸ்பெர்க் ஐந்தாவதாக வந்திருந்தால் 15-க்குப் பதில் 10, மொத்தம் 380, சமம். சமமானால் யார் அதிக ரேஸ் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். ஹாமில்டன் பத்து, ரோஸ்பெர்க் ஒன்பது. பட்டம் ஹாமில்டனுக்குப் போயிருக்கும். அதாவது அன்றைக்கு இரண்டு இடம் பின்தங்கியிருந்தாலே முடிந்தது கதை. அவரை அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவர் என்று சொல்பவர்கள் அந்த ரேஸின் கடைசிப் பதினைந்து சுற்றை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

திருநகர் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான் ரேஸ் பார்ப்போம். செபாங் பற்றி நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் அடுத்த வாரம் ஜப்பானை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அக்டோபர் 9, காலை 10.30. மறுநாள் ஆயுத பூஜை, அம்மா வீடு முழுக்கக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறார், நாங்கள் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டு பார்க்கிறோம். ஹாமில்டன் இரண்டாவது இடத்தில் நிற்கிறார். விளக்கு அணைகிறது, கார் அப்படியே நகராமல் நிற்கிற மாதிரி ஆகி, முதல் சுற்றிலேயே எட்டாவது இடம். அங்கிருந்து மூன்றாம் இடம் வரை வந்தார். ரோஸ்பெர்க் ஜெயித்தார், வித்தியாசம் 33 ஆனது. இன்ஜின் போனது அவர் கையில் இல்லை. ஸ்டார்ட் அவர் கையில் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் இத்தாலியிலும் போல் பொசிஷனில் நின்றும் இதே கதைதான். அப்பா அன்றைக்கே சொன்னார், செபாங்கில் போனதை விதி என்று சொல்லலாம், இதை அப்படிச் சொல்ல முடியாது என்று.

அதற்கப்புறம் அமெரிக்கா, மெக்சிகோ, பிரேசில், அபுதாபி நாலையும் ஹாமில்டன் ஜெயித்தார். நாலிலும் ரோஸ்பெர்க் இரண்டாவது. அது போதுமானதாக இருந்தது. எனக்கு ஹாமில்டனைத்தான் பிடிக்கும், இருந்தாலும் அந்த நாலு இரண்டாம் இடத்துக்கு நான் மரியாதை கொடுப்பேன்.

பைபாஸ் ரோடு பட்டறை எழுதியது:

தங்கச்சி, ஜப்பான் ஸ்டார்ட் மோசம்தான், உங்கள் அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே மூன்றாவதற்குப் பதில் இரண்டாவதாக வந்திருந்தால் மூன்று புள்ளிதான் கூடியிருக்கும், 383. அப்போதும் பட்டம் இல்லை. ஜப்பானை ஜெயித்திருந்தால் மட்டும்தான் மாறியிருக்கும், அன்றைக்கு ரோஸ்பெர்க் இருந்த வேகத்துக்கு நல்ல ஸ்டார்ட் கிடைத்திருந்தாலும் ஜெயித்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது.

செபாங்கில் அப்படி இல்லை. முதல் இடத்தில் போய்க்கொண்டிருந்த கார் அது. அப்படியே முடித்திருந்தால் ஹாமில்டன் 405, ரோஸ்பெர்க் நாலாவதாகி 382. அதைக்கூட விடுங்கள், எப்படியோ தட்டுத்தடுமாறி ஏழாவதாக வந்து சேர்ந்திருந்தால்கூட ஆறு புள்ளி, 386-க்கு 385. ஏழாவது இடம்! பட்டம் கிடைத்திருக்கும். வேறு எந்த ரேஸையும் இந்த மாதிரி எடுத்துக் காட்ட முடியாது.

நம்பர் 6 தம்பி, ரோஸ்பெர்க்கை நான் குறைத்துப் பேசவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஐந்தாம் இடக் கணக்கு எனக்கு இதுவரை தோன்றவே இல்லை, நல்ல கணக்கு. பட்டம் வாங்கி ஐந்தாவது நாளே ஓய்வு என்று அறிவித்துவிட்டுப் போனாரே, அந்த மனுஷன் அந்த வருஷம் தன்னிடம் இருந்ததை மொத்தமாக இறைத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒன்றே ஒன்று. ரேஸ் முடிந்ததும் ஹாமில்டன், மெர்சிடிஸ் இன்ஜின் போட்டு எட்டுப் பேர் ஓட்டுகிறார்கள், என் இன்ஜின்கள் மட்டும் ஏன் போகின்றன என்று கேட்டார். அதைப் பிடித்துக்கொண்டு டீமே சதி செய்தது என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். கோபத்தில் கேட்ட கேள்வி, எனக்குப் புரிகிறது. சீனாவிலும் ரஷ்யாவிலும் தகுதிச் சுற்றிலேயே கோளாறு, பெல்ஜியத்தில் இன்ஜின் மாற்றித் தண்டனை, அதற்கு மேல் இது. யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் எந்தச் சுற்றில் போக வேண்டும் என்று ஒரு பேரிங்குக்கு யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. இன்ஜினைக் கழற்றிப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கதையை நம்ப மாட்டார்கள். எங்கள் பட்டறையிலும் ஒரே வேலையைச் செய்து, ஒரே பாக்கெட் மெட்டல் போட்டு அனுப்பிய இரண்டு வண்டியில் ஒன்று பல வருஷம் ஓடியிருக்கிறது, இன்னொன்று கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்திருக்கிறது.

மேலூர்த் தம்பி, செபாங்கில் எடுத்த போட்டோ இருந்தால் போடுங்க, முதல் வளைவு அகலத்தை மாமாவுக்குக் காட்ட வேண்டும். அப்புறம் ஸ்பெயினில் இரண்டு மெர்சிடிஸும் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்ட ரேஸை நேரலையில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்க, அதில் தப்பு யார் மேல் என்று எங்கள் அறையில் இன்னும் முடிவாகவில்லை.