தங்கச்சியின் வீட்டுக்காக ஓய்வில்லாமல் வேலை செய்கிறேன், இனி முடியவில்லை

(வெளிநாட்டில் வாழும் கிழக்கிலங்கைத் தமிழர் தத்தம் ஊர்ப் பெயரில் எழுதியவை)

களுதாவளை:
இங்கிலாந்துக்குப் பராமரிப்பு வேலைக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஊரில் தங்கச்சிக்குக் கட்டும் வீடு கதவு யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு போட்டால்தான் தை மாதம் கலியாணம் வைக்கலாம் என்று அம்மா சொல்கிறார். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேசுவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் மேலதிக வேலைக்கு எப்போது அழைத்தாலும் நான் மறுப்பதில்லை. நேற்று விடியற்காலை ஒரு முதியவருக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது, அது யாருடைய மாத்திரை என்பது நினைவுக்கு வராமல், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். என்ன செய்வது?

திருக்கோவில்:
தம்பி, சுனாமி வீட்டை அள்ளிக்கொண்டு போன மறுவருடம், 2005 இல், நான் கனடாவுக்கு வந்தேன். பகலில் தொழிற்சாலை, இரவில் கோப்பை கழுவுதல், படுக்க நால்வருக்கு ஒரே நிலவறை. அப்படி உழைத்துத்தான் இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டினேன். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருங்கள்.

ஆரையம்பதி:
அண்ணனின் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் அந்த ஆலோசனை ஆபத்தானது. நானும் அப்படி அனுப்பியவள்தான். மூன்றாம் வருடம் முதுகு வலியில் எழும்ப முடியாமல் கிடந்தேன். தம்பி, பணம் அனுப்புவதை உடனே நிறுத்துங்கள்.

வாழைச்சேனை:
எனக்கு ஊரிலிருந்து வரும் அழைப்பெல்லாம் காசுக்குத்தான். கோயில் சடங்கு, மச்சானின் மோட்டார் சைக்கிள், மாமியின் சீட்டு என்று ஒன்று மாறி ஒன்று வருகிறது. சாப்பிட்டாயா என்று கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

கல்லாறு:
எனக்கும் அதே மனக்குறை உண்டு. ஆனாலும் நாம் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களைத்தானே அனுப்புகிறோம்? நம் களைப்பு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாண்டிருப்பு:
தம்பியின் கேள்விக்குத் திரும்புவோம். நானும் இங்கிலாந்தில்தான் தாதியாக வேலை செய்கிறேன். மாத்திரை விடயத்தை இன்றே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அதை மறைப்பதுதான் பிறகு உங்களுக்கும் அந்த முதியவருக்கும் கேடாக முடியும். நீங்கள் எழுதாத இரண்டு விடயங்களும் தெரிய வேண்டும்: விசாவுக்காக முதலாளி கொடுத்த ஸ்பொன்சர் சான்றிதழில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று இருக்கிறது, மேலதிக வேலை அதே இடத்திலா வேறு இடத்திலா? சான்றிதழில் உள்ள நேரத்தை நீங்களாகக் குறைத்தால் விசாவுக்குச் சிக்கல் வரலாம், ஆனால் அதற்கு மேற்பட்ட வேலையை மறுப்பதால் விசா போகாது. சராசரியாக வாரத்துக்கு 48 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை வாங்க உங்கள் எழுத்துமூலச் சம்மதம் தேவை. வந்த புதிதில் கையெழுத்திட்ட தாள்களில் அதுவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் எழுத்தில் அறிவித்து மீளப் பெறலாம், அறிவிப்புக் காலம் குறைந்தது 7 நாட்கள், ஒப்பந்தத்தைப் பொறுத்து 3 மாதங்கள் வரை போகும். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே பொதுவாக 11 மணித்தியால ஓய்வு உங்கள் உரிமை. ஜி.பி. என்னும் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்குக் காசும் இல்லை, முகவரிச் சான்றும் கட்டாயமில்லை. பதியாமல் இருந்தால் நாளைக்கே போங்கள். பணத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதம் எவ்வளவு முடியும் என்பதை ஒரே தொகையாகத் தங்கச்சியிடமே சொல்லிவிடுங்கள். வாழப்போகிறவள் அவள், எது முந்தி, எது பிந்தி என்று அவளே மேசனுடன் கதைக்கட்டும்.

களுதாவளை:
நன்றி அக்கா. சான்றிதழில் 39 மணித்தியாலம், மேலதிக வேலையும் அதே இல்லத்தில்தான். மேற்பார்வையாளரிடம் சொன்னேன், இந்த வாரம் இரவு வேலை இல்லை. தங்கச்சியுடன் கதைத்தபோது அவள் முதலில் வெகுநேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, ஓடு மட்டும் மழைக்கு முன் ஏறட்டும், உள்பூச்சும் யன்னல் கதவுகளும் அப்பாவின் பெரும்போக வெள்ளாமை வெட்டிய பிறகு பார்க்கலாம், கலியாணத்தை வைகாசிக்குத் தள்ளலாம் என்றாள். அம்மாவுக்குத் தானே சொல்வதாகவும் சொன்னாள். நாளை காலை ஜி.பி.யில் பதியப் போகிறேன்.