குழாய் முனையை அகலப்படுத்தும் பற்றரிக் கருவி: பெயர் தேவை, வெள்ளிக்கு முன்

கிளிநொச்சி, நீர்க்குழாய்த் தொழிற் பயிற்றுநர். திங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நீர்க்குழாய்த் தொழில் வகுப்புக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெக்ஸ் குழாய்ப் (குறுக்குப் பிணைப்புள்ள பொலித்தீன் குழாய்) பாடம் ஒரு சொல்லில்லாமல் நிற்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் பீவீசிக் குழாயும் பசையும்தான். ஆனால் வெளிநாட்டு வேலையை நினைத்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேண்டும்.

வேலை இதுதான். குழாய் முனையை நேராக வெட்டி, அதே பொருளாலான வளையத்தை அதன் தடுப்பு விளிம்பு முட்டும்வரை ஏற்ற வேண்டும். கருவியின் தலை இதழ் இதழாகப் பிரிந்த உலோகம். விசையை அழுத்த, உள்ளிருந்து ஒரு கூம்பு முன்னே வந்து இதழ்களை வெளியே தள்ளும். குழாயும் வளையமும் ஒன்றாக அகலும். கூம்பு பின்வாங்கியதும் தலை சற்றே திரும்பி மறுபடி தள்ளும். குழாய் விளிம்பு தலையின் தோளில் முட்டியபின் இன்னும் ஒரே ஒரு தடவை. உடனே கருவியைக் கழற்றி, பொருத்தியை (குழாய்களை இணைக்கும் துண்டு) அதன் தோள்வரை செருகி அசையாமல் பிடிக்க வேண்டும். சில வினாடிகளில் குழாய் தானாகச் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். பசை இல்லை, சூடு இல்லை.

இப்போதைக்கு 'கம்பியில்லா விரிவுக் கருவி' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

வவுனியா, பௌதிகவியல் ஆசிரியை. திங்கள் மாலை

'விரிவு' வேண்டவே வேண்டாம். பாடசாலைப் புத்தகத்தில் விரிவு என்றால் வெப்ப விரிவு. பிள்ளைகள் அந்தப் பொருளோடுதான் உங்களிடம் வருகிறார்கள். பெக்ஸ் குழாயில் அது சிறிய விடயமும் இல்லை: 1 மீற்றர் குழாய் 1 பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.2 மில்லிமீற்றர் நீளும். 10 மீற்றர் சுடுநீர்க் குழாய் 30 பாகை சூடேறினால் 5 சென்ரிமீற்றர் அளவுக்குக் கூடும். அதற்கு இடம்விட்டு வளைவு வைப்பதை நீங்களே அடுத்த பாடத்தில் 'விரிவு வளைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'விரிவு இணைப்பு' என்று இங்கேயும் எழுதினால், ஓரிடத்தில் அது நீளத்துக்கு இடம்விடுகிற அமைப்பு, இன்னோரிடத்தில் நீர் கசியாமல் கவ்வுகிற மூட்டு. ஒரே சொல்லுக்கு எதிரெதிர் வேலை.

'கம்பியில்லா' என்பதும் வானொலிக்குப் போய்விட்ட சொல்.

மல்லாவி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திங்கள் இரவு

ரீச்சர் சொன்ன தடை 'விரிவு' என்ற பெயருக்குத்தான் பொருந்தும். விரிதல் தன்வினை, விரித்தல் பிறவினை. வெப்பத்தில் குழாய் விரிகிறது. கருவி குழாயை விரிக்கிறது. எனவே 'விரிப்பான்'. துளைப்பான் எந்த இலக்கணத்தில் நிற்கிறதோ அதே இலக்கணம்.

இதைவிட அழகான சொல்லும் உண்டு. பயிற்றுநர் தம்மை அறியாமலே 'இதழ்', 'கூம்பு' என்று எழுதிவிட்டார். பூ விரிவதற்கு மலர்தல், குவிவதற்குக் கூம்பல் என்பது பழைய வழக்கு. "மலர்தலும் கூம்பலும் இல்ல தறிவு" என்பது 425ஆம் குறள். குழாய் மலர்கிறது, பின் பொருத்தியின்மேல் கூம்புகிறது. கருவி 'மலர்த்தி'. மூட்டு இறுகுவது 'கூம்பல்'. ஒரு தொழிலின் இரண்டு நிலைக்கும் ஒரே படிமத்திலிருந்து சொல் கிடைப்பது அரிது.

புதுக்குடியிருப்பு, குழாய் வேலை. செவ்வாய்

ஐயா, சொல் வடிவாத்தான் இருக்கு. ஆனால் மலர்த்தி ஏற்கெனவே வேறொரு சாமானுக்கு வேணும். ஏசி வேலையில செப்புக் குழாயின்ர வாயைப் பூ மாதிரி வெளிச்சரிவா விரிச்சு நட்டுப் போட்டு இறுக்கிறம், அதுதான் உண்மையான மலர்த்தல். பெக்ஸில வாய் மட்டும் சரிஞ்சு விரிஞ்சால் வேலை பிழை. வளையம் இருக்கிற நீளம் முழுக்க ஒரே அளவா அகலவேணும். மலர்த்தி எண்டு படிச்ச பிள்ளை தலையை அரைவாசி செருகிப்போட்டு வாயை மட்டும் விரிக்கும்.

கூம்பலும் வேண்டாம். கருவிக்குள்ள கூம்பு எண்டு ஒரு பாகம் இருக்கு. 'கூம்புக்குக் கிறீஸ் பூசு' எண்டும் 'கூம்பும்வரை பொறு' எண்டும் ஒரே பக்கத்தில வந்தால் குழப்பம். கிறீஸ் கூம்புக்கு மட்டும், அதுவும் மெல்லிசா. இதழின்ர வெளிப்பக்கம் துடைச்சுக் காய்ஞ்சு இருக்கவேணும்.

வளையத்துக்கு நான் சொல்லுறது 'பூண்'. உலக்கைப் பூண் எல்லாருக்கும் தெரியும்.

கருவிக்கு 'எக்ஸ்பாண்டர்' எண்டே விடலாம். சாவியும் யன்னலும் கதிரையும் போர்த்துக்கீசர் தந்ததுதான், எங்கட வீட்டில இருக்கேல்லையா?

மல்லாவி. செவ்வாய்

தம்பி, மலர்த்தியை மீளப் பெறுகிறேன். செப்புக் குழாய்க் கருவிக்கே அது இருக்கட்டும். கிரந்தம் கலந்த 'எக்ஸ்பாண்டர்' ஆகாது. வடசொல்லை எடுக்கும்போதுகூட அதன் எழுத்தை ஒருவி நம் எழுத்தால் எழுதச் சொல்கிறது தொல்காப்பியம். சாவி அப்படி வந்தது, கதிரை அப்படி வந்தது. இது அப்படி வரவில்லை.

பூணும் பொருந்தாது. உலக்கைப் பூண் இரும்பு. மரத்தைப் பிளக்காமல் காக்கும், தான் அசையாது. இந்த வளையமோ குழாயோடு சேர்ந்து அகன்று சேர்ந்து சுருங்குவது.

ஒட்டுசுட்டான், மொழிபெயர்ப்பாளர். செவ்வாய் இரவு

'அகட்டி' என்று வைக்கலாமா? காலை அகட்டு, சாக்கின் வாயை அகட்டிப் பிடி என்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். இடுக்குவது இடுக்கி, துருவுவது துருவி, அகட்டுவது அகட்டி.

மல்லாவி. புதன்

அகட்டி! இதில் ஆழம் இருக்கிறது. அகடு என்றால் வயிறு. "அகடாரார் அல்லல் உழப்பர்" என்பது 936ஆம் குறள். அகம், அகடு, அகழ், அகழி, அகல் விளக்கு எல்லாமே உட்குழிவைக் குறிப்பவை. எண்ணெய் நிற்கும் குழிவுதான் அகல். வயிறு புடைப்பதுபோல் குழாயின் உட்புறம் புடைக்கிறது. அகடு ஆக்குவதே அகட்டுதல். ஆகவே கருவியை 'அகடாக்கி' என்றால் வேரும் விளங்கும்.

ஒட்டுசுட்டான். புதன்

ஐயா, மன்னிக்க வேண்டும். அகடு இங்கே வரவில்லை. கழல், கழற்று, பேச்சில் கழட்டு. சுழல், சுழற்று, பேச்சில் சுழட்டு. அதே வாய்பாட்டில் அகல், அகற்று, அகட்டு. அகலச் செய்வது என்பதுதான் பொருள். வயிற்றைக் கொண்டுவரத் தேவையில்லை.

மல்லாவி. புதன் மாலை

அப்படியானால் உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டீர்கள்: அகட்டு என்பது அகற்று என்பதன் சிதைவு. மாணவர் கைந்நூலில் சிதைவை அச்சிடலாமா? 'கழட்டு' என்று எழுதினால் புள்ளி குறைப்போம். செவ்வடிவம் 'அகற்றி'.

வவுனியா. புதன் இரவு

'குழாய் அகற்றி' என்றால் குழாயைக் கழற்றி எறிகிற கருவி என்றுதான் எவரும் எடுப்பார்கள். அகற்று இன்று நீக்கு என்ற பொருளுக்கு முழுதாகப் போய்விட்டது. அகட்டு அகலமாக்கு என்ற பொருளில் தங்கிவிட்டது. ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வேலை பார்த்தால் அது சிதைவு அல்ல, மொழிக்குச் சொத்து. "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்ற நன்னூல் அடியை ஐயாவிடம் படித்தவர்களே இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

ஐயாவின் 'விரிப்பான்' இலக்கணப்படி சரி. ஆனால் 'விரிப்பு' என்றதும் படுக்கை விரிப்பு முன்னுக்கு வரும்.

புதுக்குடியிருப்பு. புதன் இரவு

அகட்டிக்கு என்ர வாக்கு. 'கம்பியில்லா', 'வடமில்லா' எண்டெல்லாம் தேவையில்லை. இரண்டு கைபிடி வைச்சு அமத்திற சாமானும் இருக்கு. அது 'கை அகட்டி', இது 'பற்றரி அகட்டி'. இல்லாததைச் சொல்லிப் பேர் வைக்காமல் இருக்கிறதைச் சொல்லுவம். கை அகட்டியில ஒவ்வொரு அமத்தலுக்கும் எட்டில ஒரு சுற்று நாங்களே திருப்பவேணும். பற்றரி அகட்டியில தலை தானாத் திரும்பும். திரும்பாமல் ஒரே இடத்தில தள்ளினால் இதழ் இடைவெளி குழாய்க்குள்ள நெடுக வரி விழுத்தும், அந்த வரியால தண்ணி கசியும். கசிவுக்கு முதலில பார்க்கவேண்டியது இதுதான்.

இன்னும் சிலது கைந்நூலில வரவேணும். பொருத்தியின்ர தோளுக்கும் வளையத்துக்கும் இடையில 1 மில்லிமீற்றருக்கு மேல வெளி தெரிஞ்சால் அந்த மூட்டு வெட்டித்தான் ஆகவேணும், அடிச்சு ஏத்தக்கூடாது. பொருத்தி கடைசியில கொஞ்சம் இறுகிப் போகவேணும். வழுவழுவெண்டு போனால் கூட அகட்டியாச்சு. எங்கட வெயிலில குழாய் கெதியாச் சுருங்கும், பொருத்தியை மற்றக் கையில வைச்சுக்கொண்டுதான் விசையை அமத்தவேணும். பெக்ஸில 'ஏ' வகைதான் இதுக்குத் தோது. ஏ, பி, சி எண்டது தரவரிசை இல்லை, செய்முறை வேறுபாடு எண்டும் எழுதுங்கோ.

கிளிநொச்சி. வியாழன்

எல்லோருக்கும் நன்றி. இப்படிப் போடுகிறேன்: கருவி 'பற்றரி அகட்டி', செயல் 'அகட்டல்', மூட்டு 'அகட்டு மூட்டு', தலையின் துண்டுகள் 'இதழ்', நடுத்தண்டு 'கூம்பு'. வெப்பத்தால் வருவது மட்டும் 'விரிவு'. 'எக்ஸ்பாண்டர்' சொல்லடைவில் ஒருமுறை வரும். கடையில் அதைக் கேட்டால்தான் கிடைக்கும்.

வளையத்துக்கு முடிவு வரவில்லை. 'வளையம்' என்றே விடுகிறேன், பூணை அடைவில் சேர்க்கிறேன்.

பாடத்தில் மேலும் சில விடயம் சேர்த்தேன். கனடாவில் வாங்கிய சாச்சர் 120 வோல்ற்றுக்கு உரியது. எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகக்கூடாது. வட அமெரிக்க அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீற்றர், ஐரோப்பியக் குழாய் 16 மில்லிமீற்றர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தலையும் வளையமும் பொருத்தியும் ஒரே வரிசையில் இருந்து வர வேண்டும். பீவீசியோடு சேர்க்கும் இடத்தில் புரி உள்ள பொருத்தி போட வேண்டும், பீவீசிப் பசை பெக்ஸில் ஒட்டாது. தாங்கியிலிருந்து கூரைவழி இறங்கும் வெளிக்குழாய்க்கு பெக்ஸ் வேண்டாம், வெயில் அதைக் கெடுக்கும்.

4 மீற்றர் உயரத் தாங்கி தரும் அமுக்கம் 0.4 பார் அளவுதான். அதில் கசியாத மூட்டு மோட்டர் பூட்டியதும் கசியலாம். கைப்பம்பியால் அமுக்கச் சோதனை செய்த பிறகே சுவரை மூடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

மல்லாவி. வியாழன் இரவு

பெரும்பான்மை அகட்டி என்றால் அச்சிடுங்கள். பாடம் தாமதிக்கக் கூடாது. ஆனால் சொல்லாக்கக் குழு என்று பின்னட்டையில் பெயர்கள் போடுவதாயின் என் பெயரை விட்டுவிடுங்கள். பிறவினை 'அகற்று' இருக்க 'அகட்டு' என்பதற்கு நான் கையொப்பமிட முடியாது. இரண்டாம் பதிப்பு வரும்போது 'விரிப்பான்' மீண்டும் எடுக்கப்பட வேண்டும். அதற்கான குறிப்பை இப்போதே எழுதத் தொடங்கியிருக்கிறேன்.