செப்டம்பர் கடைசியில் பான்ஃப், ஜாஸ்பர்: வயதான பெற்றோருடன் காரில்

ஒன்டாரியோ_பயணி:
செப்டம்பர் 24 முதல் 28 வரை கல்கரியில் கார் வாடகைக்கு எடுத்து, கனடாவின் ராக்கி மலைப் பகுதியில் உள்ள பான்ஃப், லேக் லூயிஸ், ஜாஸ்பர் போய்வரத் திட்டம். அப்பா, அம்மா இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஏற்றம் ஏற முடியாது. இலையுதிர் காலத்தில் மஞ்சளாகும் லார்ச் என்ற ஊசியிலை மரங்களைக் காட்ட வேண்டும் என்பதுதான் முக்கியமான ஆசை. மொரெய்ன் ஏரி வரை காரில் போகலாமா? லேக் லூயிஸிலிருந்து ஒரே நாளில் ஜாஸ்பர் போய்த் திரும்பலாமா? குளிர்கால டயர் கேட்டு வாங்க வேண்டுமா?

போ_பள்ளத்தாக்கு:
மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் பேருந்தில் முன்பதிவு செய்து போகலாம். இருக்கைகளில் ஒரு பகுதி வசந்த காலத்திலேயே போய்விடும். மீதி, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். அது இந்தப் பகுதியின் மலை நேரம் (Mountain Time), உங்கள் ஒன்டாரியோவில் காலை 10. காரை லேக் லூயிஸ் பனிச்சறுக்குத் தளத்தின் நிறுத்துமிடத்தில் விட்டு ஏற வேண்டும். அதே டிக்கெட்டில் லேக் லூயிஸ் கரைக்கும் போகலாம்.

ஆனால் லார்ச்சுக்காக மொரெய்னை மட்டும் நம்பாதீர்கள். நெடுஞ்சாலை ஓரம் மஞ்சளாகத் தெரிபவை பெரும்பாலும் ஆஸ்பென் என்ற வேறு மரம். லார்ச், மரங்கள் முடியும் உயரத்தை ஒட்டித்தான் வளரும். மொரெய்னுக்கு மேலே உள்ள லார்ச் பள்ளத்தாக்குக்குச் சுமார் 500 மீட்டர் ஏற வேண்டும். பெற்றோருக்கு அது சரிப்படாது. ஜாஸ்பர் பக்கமும் தேட வேண்டாம்.

உங்களுக்குப் பொருத்தமான இடம், பான்ஃபுக்குத் தென்கிழக்கே உள்ள கனனாஸ்கிஸ் மலைப் பகுதியில் 40ஆம் நெடுஞ்சாலையில் உள்ள ஹைவுட் கணவாய். உயரம் 2,206 மீட்டர், கார் நேராக மேலே ஏறிவிடும், நிறுத்துமிடத்தைச் சுற்றியே லார்ச் நிற்கும். முதல் நாள் கல்கரியிலிருந்து பான்ஃப் போகும் வழியில் இதைச் சேருங்கள். தேசியப் பூங்கா அனுமதிச் சீட்டு இங்கே செல்லாது. வண்டி எண்ணைக் கொடுத்து கனனாஸ்கிஸ் சீட்டைத் தனியாக இணையத்தில் வாங்க வேண்டும். அந்தப் பருவத்து வார இறுதியில் விடிந்ததுமே நிறுத்துமிடம் நிறைந்துவிடும், வாரநாளில் போங்கள்.

பனிச்சாலை:
ஜாஸ்பர் ஒரே நாளில் வேண்டாம். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலை ஒருவழிக்கு 232 கி.மீ., உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. நிற்காமலே மூன்று மணி நேரம் ஆகும். போ ஏரி, பேட்டோ ஏரி, அத்தாபாஸ்கா அருவி என்று நின்றால் முழுப் பகலும் போய்விடும். ஜாஸ்பரில் ஒரு இரவு தங்குங்கள்.

பெட்ரோலை லேக் லூயிஸிலேயே நிரப்புங்கள். நடுவில் சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங்கில் ஒரே பங்க், விலை அதிகம். வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

பார்க்வேயில் பனி டயர் கட்டாயம் நவம்பர் 1 முதல். பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் எமரால்ட் ஏரிக்குப் போனால் அக்டோபர் 1 முதல். உங்கள் தேதிகளில் சட்டம் கேட்காது. ஆனாலும் டயரில் M+S (சேறு, பனிக்கான டயர்) குறியோ மலையும் பனித்துகளும் சேர்ந்த குறியோ உள்ள வண்டியைக் கேளுங்கள்: பார்க்வேயில் உள்ள சுன்வாப்டா கணவாய் 2,000 மீட்டருக்கு மேல், செப்டம்பரிலும் பனி விழும். காலையில் பாலங்களிலும் நிழல் வளைவுகளிலும் பிளாக் ஐஸ் எனும் மெல்லிய பனிக்கட்டிப் படலம் இருக்கும், தார் நனைந்ததுபோலத்தான் தெரியும். வெயில் ஏறிய பிறகு கிளம்புவது நல்லது.

இது எல்க் மான்களின் இணைசேர் பருவம். ஆண் மான் பாய்ந்து வரும். 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கரடிக்கு 100 மீட்டர்.

ஒன்டாரியோ_பயணி:
ஜாஸ்பரில் தங்கினால் மறுநாள் காலை மெடிசின் ஏரி, மலீன் ஏரி இரண்டும் பார்க்கலாமா?

போ_பள்ளத்தாக்கு:
இரண்டும் ஒரே சாலையில்தான். மலீன் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெடிசின் ஏரியில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: அதன் நீர் தரைக்கடியில் வடிந்து மலீன் கேன்யன் பக்கம் வெளியே வருகிறது. கோடையில் பனி உருகி வரும் நீர் வடிவதைவிட அதிகம் என்பதால் நிரம்பியிருக்கும். இலையுதிர் காலத்தில் வரத்து குறைந்து சேற்றுவெளியாகிவிடும். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, மீதி நேரத்தை மலீனில் ஸ்பிரிட் தீவுப் படகுக்கு வையுங்கள். பெற்றோர் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அன்றே கல்கரி திரும்புவதானால் ஐந்து மணி நேர ஓட்டம் இருக்கிறது, நண்பகலுக்குள் ஜாஸ்பரை விட்டுவிடுங்கள்.