மறு: ஏடியூ-வுக்குத் தமிழில் என்ன சொல்? துணைவீடு / கூடுதல் குடியிருப்பு அலகு / பின்கட்டு

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஏடியூ (Accessory Dwelling Unit) என்பது ஒரு வீடு உள்ள மனையிலேயே அதைச் சார்ந்து அமைக்கும் இன்னொரு சிறு வீடு. நம் கையேட்டில் அதை எப்படி அழைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘கூடுதல் குடியிருப்பு அலகு’ என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்டாரியோவில் சட்டப் பெயரே அப்படித்தான்.

ஒன்டாரியோவில் அப்படித்தான், மறுக்கவில்லை. 2019-இல் அங்கே சட்டத்தைத் திருத்தியபோது ‘இரண்டாவது’ என்பதை எடுத்துவிட்டுக் ‘கூடுதல்’ என்று போட்டார்கள். ஆனால் அந்தப் பெயரில் எண்ணிக்கை மட்டும்தான் தெரிகிறது. இருக்கும் வீட்டுக்கும் புதிதாகக் கட்டுவதற்கும் என்ன உறவு என்பது தெரியவில்லை. எனக்கு அந்த உறவுதான் முக்கியமாகப் படுகிறது. நாம் தயாரிக்கும் கையேடு கலிபோர்னியாவில் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கானது. அவர்கள் இதில் தடுமாறுகிற இடங்களில் பாதி அந்த உறவைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வருபவை.

‘அலகு’ வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். மீட்டர், லிட்டர், மின்சாரக் கட்டணம் இவற்றுக்கு அது நல்ல சொல். குடியிருக்கும் இடத்துக்கு வீடு என்ற சொல் இருக்கும்போது அலகை ஏன் இழுக்க வேண்டும்? ‘குடியிருப்பு’ என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் காவலர் குடியிருப்பு, ரயில்வே குடியிருப்பு, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று பல வீடுகள் சேர்ந்த இடத்தைத்தான் அது பெரும்பாலும் குறிக்கிறது. ‘துணைக் குடியிருப்பு’ என்று படித்தால் பக்கத்தில் இன்னொரு காலனி வருகிறதோ என்று தோன்றும்.

கலிபோர்னியாவிலும் பெயர் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1982-இல் வந்த சட்டத்தில் ‘இரண்டாவது யூனிட்’ என்றுதான் இருந்தது. 2016-இல் நிறைவேறிய எஸ்பி 1069 என்ற சட்டம்தான் அந்தப் பெயரை நீக்கி ‘அக்சசரி’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது, 2017 ஜனவரியிலிருந்து அதுதான் புழக்கம். இரண்டாவது என்பது எண், அக்சசரி என்பது சார்ந்து நிற்பது. சட்டமே எண்ணிலிருந்து உறவுக்கு வந்துவிட்ட பிறகு நாம் மறுபடி எண்ணுக்குப் போக வேண்டாம்.

> பின்கட்டு என்று நம் வீடுகளிலேயே சொல் இருக்கிறதே? முன்கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு. புதிதாக எதற்கு?

இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. சட்டம் மட்டும் குறுக்கே வராவிட்டால் இதற்கே கைதூக்கியிருப்பேன். பின்கட்டு அதே வீட்டின் ஒரு பகுதி. அங்கே இருப்பவர்கள் அதே குடும்பம், பெரும்பாலும் அதே சமையல். ஆனால் ஏடியூ என்று அங்கீகாரம் கிடைக்க வேண்டுமானால் வசிக்க, தூங்க, உண்ண, சமைக்க, கழிப்பறை வசதி, இவை ஐந்தும் அந்த இடத்திலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதாவது உலை தனி. நம் வழக்கில் தனிக்குடித்தனம் என்று சொல்வோமே, அதுதான். மேலும் எல்லா ஏடியூவும் பின்னால் இருப்பதில்லை. தெருவைப் பார்த்த கார் கொட்டகையை மாற்றிக் கட்டியதும் ஏடியூ, வீட்டின் பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டியதும் ஏடியூ. டொரான்டோ பக்கம் போனால் நம்மவர்கள் பலர் முதன்முதலில் குடியேறிய பேஸ்மென்ட் கீழே இருக்கிறது. இடத்தை வைத்துப் பெயரிட்டால் இவற்றில் ஏதாவது ஒன்று வெளியே போய்விடும். தோட்டத்தில் தனியாகக் கட்டும் வகைக்கு மட்டும், பேச்சு வழக்காக, பின்கட்டு வீடு என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதே காரணத்தால்தான் ‘தோட்ட வீடு’ம் சரிவராது. ‘பாட்டி வீடு’ என்று சிட்னியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அங்கே கிரானி பிளாட் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் விதிகளில் அதற்கு ‘இரண்டாம் நிலை வீடு’ என்ற பொருளில்தான் பெயர், அதிகபட்சம் 60 சதுர மீட்டர் என்று பொதுவான அளவும் இருக்கிறது. அங்கே பாட்டிதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்பதில்லை. இன்று அப்பா அம்மா இருப்பார்கள், நாளை கல்லூரி முடித்த மகள், அப்புறம் வாடகைக்கு யாரோ ஒரு செவிலியர். குடியிருப்பவர் மாற மாறப் பெயரை மாற்ற முடியாது. ‘சின்ன வீடு’ ஏன் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. ‘ஒண்டுக்குடித்தனம்’ என்பதில் இடமில்லாமல் நெருக்கியடித்த வாழ்க்கையின் வலி இருக்கிறது. பெற்றோருக்காகக் கடன் வாங்கிக் கட்டும் ஒரு வீட்டுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் வாக்கு ‘துணைவீடு’. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும்.

துணை என்பதில் இரண்டு பொருள் இருக்கிறது, இரண்டுமே இங்கே பொருந்துகின்றன. ஒன்று, முதன்மையானது ஒன்று இருந்தால்தான் இது இருக்கும் என்பது. துணைவினை முதன்மை வினையைச் சார்ந்து நிற்கிறது, துணைக்கோள் கோளைச் சுற்றுகிறது, துணைமின்நிலையம் என்று தெருவில் பலகையே பார்த்திருக்கிறோம். கலைச்சொல்லாக ‘துணை’ ஏற்கெனவே பழகிவிட்டது. ஒரு மனையில் வீடு இருக்க வேண்டும், அல்லது கட்டப்போவதாகத் திட்டமாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அதில் துணைவீட்டுக்கு அனுமதி. வெறும் மனையில் துணைவீட்டை மட்டும் கட்ட முடியாது. இன்னொன்று, பக்கத்தில் ஆதரவாக இருப்பது. வயதான அம்மாவுக்குத் துணையாக நாங்கள், எங்களுக்குத் துணையாக அம்மா. பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் இவ்வளவு செலவு செய்கிறார்கள். இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்குவது அடிக்கடி வாய்ப்பதில்லை. பெரிய வீட்டுக்கு ‘முதன்மை வீடு’ என்றால் இணை சரியாகிவிடும்.

> சான் ஹோசேயில் தனியாக விற்கவே அனுமதித்துவிட்டார்கள். இனி அது எப்படித் துணை?

நல்ல கேள்வி, இதற்காகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஏபி 1033 என்ற 2023-ஆம் ஆண்டுக் கலிபோர்னியச் சட்டம், நகராட்சி விரும்பினால் துணைவீட்டைக் காண்டோமினியமாகப் பிரித்து விற்க அனுமதிக்கலாம் என்றது. 2024-இல் சான் ஹோசே முதலாவதாக அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கேயும் மனை இரண்டாகப் பிரிவதில்லை. கட்டடம் தனித்தனி உடைமை ஆகிறது, அடி நிலம் பொது. நம் ஊர் அடுக்குமாடியில் பிரிக்கப்படாத பங்கு என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. உரிமை மாறினாலும் ஒரே மனையில் முதன்மை வீட்டைச் சார்ந்து நிற்பது மாறவில்லை. இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளாத ஊர்களில் தனியாக விற்பது, சில சிறு விதிவிலக்குகள் தவிர, நடக்காது. ‘தனிவீடு’ என்றோ ‘இணைமனை’ என்றோ பெயர் வைத்துவிட்டால் படிப்பவர் பிறகு பிரித்து விற்றுக்கொள்ளலாம் என்று நம்பிவிடுவார். தமிழ்நாட்டில் மனை என்றால் காலி நிலம் என்பதால் ‘இணைமனை’யில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்து ஜூனியர் ஏடியூ. இதை ‘இளைய துணைவீடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வயது சம்பந்தமே இல்லாத இடத்தில் இளைய என்று வருவது சரியில்லை. 500 சதுர அடிக்கு மிகாமல், முதன்மை வீட்டின் சுவர்களுக்குள்ளேயே பிரித்தெடுப்பது அது. வாசல் தனி. சமையலுக்குச் சிறிய ஏற்பாடு போதும், குளியலறையை முதன்மை வீட்டோடு பகிர்ந்துகொள்ளலாம், அப்படிப் பகிர்ந்தால் உரிமையாளர் அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். ‘உட்துணைவீடு’ என்றால் விஷயம் சொல்லிலேயே இருக்கிறது. ஒரே மனையில் துணைவீடு ஒன்றும் உட்துணைவீடு ஒன்றும் இரண்டுமே அனுமதி என்பதால் இரண்டும் காதில் வேறுவேறாக விழ வேண்டும். மற்ற வகைகளுக்குத் தனித்த துணைவீடு, ஒட்டிய துணைவீடு, மாற்றிய துணைவீடு போதும். ‘ஒட்டுவீடு’ என்று சுருக்கினால் ஓட்டு வீடு என்று படித்துவிடுவார்கள்.

இந்தப் பிரிவுகளைச் சும்மா சொல்லடைவுக்காகக் கேட்கவில்லை, ஒவ்வொன்றிலும் பணம் இருக்கிறது. தனித்த துணைவீடு புதிதாகக் கட்டினால் எரிசக்தி விதிகளின்படி சூரியத் தகடு போட வேண்டும், கார் கொட்டகையை மாற்றினால் அந்தக் கட்டாயம் இல்லை. கொட்டகை போனதற்கு ஈடாக வேறு கார் நிறுத்துமிடமும் நகராட்சி கேட்கக் கூடாது. 800 சதுர அடி வரை, பக்கத்திலும் பின்னாலும் 4 அடி இடம் விட்டு, 16 அடி உயரத்துக்குள் தனித்த துணைவீடு கட்டினால் உள்ளூர் அளவு விதிகளைக் காட்டி மறுக்க முடியாது. அந்த 4 அடிக்கு ‘பின்னடைவு’ என்று யாரோ போட்டிருந்தார்கள், தயவுசெய்து வேண்டாம், தேர்தலில் வாக்கு எண்ணும்போது வருகிற சொல் அது. ‘எல்லை இடைவெளி’ என்றால் கொத்தனாருக்கும் புரியும்.

‘மினிஸ்டீரியல் அப்ரூவல்’ என்பதுதான் வரைவிலேயே மிகவும் தவறிப்போன இடம். ‘அமைச்சக ஒப்புதல்’ என்று வந்திருக்கிறது. இதில் அமைச்சர் யாரும் இல்லை. விதிகளுக்குப் பொருந்தினால் அதிகாரி கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், அவருடைய விருப்பத்துக்கோ பக்கத்து வீட்டாரின் ஆட்சேபத்துக்கோ இடமில்லை, பொது விசாரணையும் கிடையாது. விண்ணப்பம் முழுமையானதும் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். ‘விதிவழி ஒப்புதல்’ என்று நான் முன்வைக்கிறேன், அதற்கு எதிரானது ‘விருப்புரிமை ஒப்புதல்’. தன் உரிமை என்னவென்று தெரியாமல் நகராட்சி முகப்பில் கெஞ்சிக்கொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த ஒரு சொல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் கையேடு வேலை செய்துவிட்டது என்பேன்.

புதுக் கட்டடத்தால் பொது வசதிகளுக்குக் கூடும் சுமைக்காக வாங்கும் ‘இம்பாக்ட் ஃபீ’ வரைவில் ‘தாக்கக் கட்டணம்’ என்று இருக்கிறது. அதை ‘மேம்பாட்டுக் கட்டணம்’ என்று மாற்றலாம், நம் ஊர்த் திட்ட அனுமதியில் பழகிய பெயர். 750 சதுர அடிக்குக் குறைவான துணைவீட்டுக்கு நகராட்சி அதை வாங்கக் கூடாது. பலர் 749-இல் நிறுத்திக்கொள்வதற்கு இதுதான் காரணம். துணைவீடு அந்த அளவைத் தாண்டினாலும், முதன்மை வீட்டோடு ஒப்பிட்ட அளவு விகிதப்படிதான் வாங்கலாம்.

கடன் பகுதிக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தனித்த துணைவீடு 3 லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம், அதனால் பெரும்பாலானவர்கள் வீட்டை வைத்துத்தான் பணம் எடுக்கிறார்கள். ‘ஈக்விட்டி’க்கு ‘சமபங்கு’ என்று வரைவில் இருக்கிறது. அது பங்குச்சந்தையிலிருந்து வந்தது, இங்கே பொருந்தாது. வீட்டின் இன்றைய மதிப்பிலிருந்து கடன் பாக்கியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இங்கே ஈக்விட்டி, ‘சொந்தப் பங்கு’ என்றால் போதும். ஹெலாக் என்பதை ஹெலாக் என்றே விட்டுவிட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘சொந்தப் பங்கின் மேல் தேவைக்கேற்ப எடுக்கும் கடன், வட்டி பெரும்பாலும் ஏறி இறங்கும்’ என்று விளக்கலாம். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்பதில்லை.

ஆனால் கட்டுமானக் கடனில் வரும் ‘டிரா’வை ‘தவணை’ என்று போட்டிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். தவணை என்றால் நாம் கட்டுவது. டிரா என்பது அடித்தளம், சட்டகம், கூரை என்று வேலை முடிய முடிய, பரிசோதகர் பார்த்த பிறகு வங்கி விடுவிக்கும் தொகை. பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதே தலைகீழாகிவிடுகிறது. கடன் பட்டுவாடா என்று வங்கியில் சொல்வோம், ‘கட்டப் பட்டுவாடா’ சரியாக இருக்கும். ‘கட்ட’ என்பதைக் கட்டுவதோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் ‘படிமுறைப் பட்டுவாடா’வுக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

சொத்து வரிப் பத்தியில் ‘வீடு மறுமதிப்பீடு செய்யப்படும்’ என்று மொட்டையாக இருக்கிறது. இதைப் படித்துப் பயந்து திட்டத்தையே கைவிடுவார்கள். கலிபோர்னியாவில் சொத்து வரியைக் கட்டுப்படுத்தும் 1978-இன் 13-ஆம் முன்மொழிவின்படி முதன்மை வீட்டின் அடிப்படை மதிப்பு அப்படியே இருக்கும், துணைவீட்டால் கூடும் மதிப்பு மட்டும் மேலே சேரும். இதை இரண்டு வரியில் தெளிவாக எழுதித் தருகிறேன்.

வேறு ஆட்சேபம் வராவிட்டால் துணைவீடு, உட்துணைவீடு, முதன்மை வீடு, எல்லை இடைவெளி, விதிவழி ஒப்புதல், சொந்தப் பங்கு இவற்றைச் சொல்லடைவில் ஏற்றிவிடலாமா? இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. மனைக்குள் மின்கம்பிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ விட்டிருக்கும் பட்டையில் எதுவும் கட்டக் கூடாது என்பார்களே, ‘யூட்டிலிட்டி ஈஸ்மென்ட்’, பலருடைய வரைபடம் அதில்தான் மாட்டுகிறது. பத்திரங்களில் நடைவழிப் பாத்தியம் என்று பார்த்திருக்கிறேன். அதை வைத்து ‘குழாய்ப் பாத்தியம்’, ‘கம்பிப் பாத்தியம்’ என்று போகலாமா, அல்லது இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமா? பத்திர எழுத்தர் வேலை தெரிந்தவர்கள் குழுமத்தில் இருந்தால் சொல்லுங்கள்.