உரிந்த நீலத்துக்கு அடியில் ஒரு சிவப்பு: கூட்ஸ் இன்ஜின் பார்த்த அனுபவங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து

கடலூர் துறைமுகச் சந்திப்புக்குப் பக்கத்துத் தெருவில்தான் பிறந்து வளர்ந்தேன். மயிலாடுதுறைத் தடமும் விருத்தாசலத் தடமும் பிரிகிற இடம். சின்ன வயதில் இங்கே மீட்டர் கேஜ்தான். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரை 2010-இல் அகலப்பாதை திறந்தது. அதன் பிறகுதான் பெரிய கூட்ஸ் இன்ஜின்களை வாசலிலிருந்தே பார்க்கக் கிடைத்தது.

எக்ஸ்பிரஸ் இழுக்கிற இன்ஜினை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு என்னவோ கூட்ஸ் இன்ஜின்தான் பிடிக்கும். அதிலும் நிறம் வெளுத்து, அங்கங்கே தோல் உரிந்து நிற்கிற பழைய டீசல் இன்ஜின் என்றால் நகர மனம் வராது. வீட்டில் இதைச் சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்கள். இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். இரண்டு நாள் விடாமல் பெய்து, அன்று காலைதான் மழை விட்டிருந்தது. மூட்டை ஏற்றிய ரேக் ஒன்று, அதாவது கூட்ஸ் பெட்டிகளின் முழு வரிசை, நடைமேடை ஓரமாகவே வந்து நின்றது. முன்னால் ஒரு டபிள்யூடிஜி-3ஏ, கூட்ஸ் இழுக்கிற டீசல் இன்ஜின். அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைப்பை ஒட்டி வாரணாசியில் கட்டிய வகை, 1995-இல் வரத் தொடங்கியது, 3100 குதிரைத்திறன். மழையில் நனைந்திருந்ததால் அதன் உடம்பில் இருந்த ஒவ்வொரு நிறமும் தெளிவாகத் தெரிந்தது.

மேல்பக்கம், புகைபோக்கியைச் சுற்றி, கரி அப்பிக் கறுத்திருந்தது. அதற்குக் கீழே நீலம். நீலம் என்றா சொல்வது, சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி இருக்குமே, அந்த நிறம். ஆனால் கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் வெயில் படாத இடத்தில் மட்டும் அதே நீலம் மயில் கழுத்து மாதிரி ஆழமாக இருந்தது. பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் கதவுகளில் இரண்டு வேறு நிறம். வேறு ஏதோ இன்ஜினிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறார்கள். லோகோ பைலட் அறைக்குக் கீழே பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்தது. அதன் அடியில் ஒரு கருஞ்சிவப்பு. அதன் ஓரமும் உரிந்து, அடியில் செங்காவி நிறப் பிரைமர். அதற்கும் கீழே இரும்பு.

சன்னலில் இருந்த லோகோ பைலட்டிடம், "சார், தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வண்டி நிக்கும்போது தொடு, சிக்னல் விழுந்தா தள்ளிப் போயிடணும்" என்றார். ஈரம் காய்ந்திருந்த ஒரு இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். விரல் நுனியில் நீலத்தூள் ஒட்டியது. வண்ணத்துப்பூச்சி இறகைப் பிடித்தால் ஒட்டுமே, அப்படி.

இன்னொன்றையும் கவனித்தேன். எண்ணைப் புதிதாக, கையால் வெள்ளையில் எழுதியிருந்தார்கள். ஆனால் ஷெட், அதாவது இன்ஜினைப் பராமரிக்கிற கொட்டகை, அதன் பெயர் இருந்த இடத்தில், இப்போதைய எழுத்துகளுக்குப் பின்னால், நிழல் மாதிரி வேறு எழுத்துகள் தெரிந்தன. இந்த இன்ஜின் முன்பு வேறு ஊர்க்காரி. ஊர் மாறி, பெயர் மாறி, கதவு மாறி இங்கே வந்து நிற்கிறது. அன்றிலிருந்து எந்தக் கூட்ஸ் நின்றாலும் முதலில் உரிந்த இடத்தைத்தான் தேடுகிறேன்.

உங்களில் யாராவது இப்படிப் பார்த்திருந்தால் எழுதுங்கள். ஏன் தூளாக வருகிறது, நிழல் எழுத்து எப்படி விழுகிறது என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள்.

வண்டிப்பாளையத்திலிருந்து, ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தவன் நான். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையை 1928-இல் அங்கே கொண்டுவந்தார்கள். ஊட்டி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி இன்ஜின் கட்டிக் கொடுத்ததும் அதே இடம்தான்.

முதலில் ஒன்று. கூட்ஸ் இன்ஜினை யாரும் அழுக்காக விட ஆசைப்படுவதில்லை. முழு பெயிண்ட் என்பது பெரிய பராமரிப்புக்கு வரும்போதுதான் நடக்கும். பி.ஓ.எச். என்போம். அதற்கு இடையில் வருடங்கள் ஓடிவிடும். அந்த வருடங்களில் ஷெட்டுக்கு வரும் இன்ஜினை எண்ணெய், வடிகட்டி, பிரேக், மோட்டார் எல்லாம் பார்த்து எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பியாக வேண்டும். ஒரு நாள் நின்றால் ஒரு ரேக் நிற்கும். அதனால் எண் அழிந்தால் எண்ணை மட்டும் எழுதுவார்கள். எண் தெரியாமல் வண்டி ஓட முடியாது, நிறம் தெரியாமல் ஓடலாம்.

பெயிண்ட் வேலை என்றால் வெளியில் இருப்பவர்கள் தூரிகையும் டப்பாவும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் முக்கால் பங்கு வேலை பெயிண்ட் அடிப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். பழைய செதிலைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, துருவை எடுக்க வேண்டும். பிரைமர் ஒரு கோட். பள்ளத்துக்குப் பட்டி. காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாள் தேய்க்க வேண்டும், கை மரத்துப்போகும். அப்புறம்தான் நிறம். இதில் எந்த இடத்தில் அவசரப்பட்டோமோ அந்த இடம் முதலில் உரியும். பிசுக்கு ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தாலும் போதும், ஒரு மழைக்காலம் தாண்டாது.

உரிகிற இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பாட்டரிப் பெட்டி மூடியைப் பாருங்கள், எந்த இன்ஜினிலும் அங்கே முதலில் போகும். அமில ஆவி அதற்குக் காரணம். போல்ட் தலை, வெல்டு போட்ட விளிம்பு, தண்ணீர் தேங்கும் மடிப்பு, இங்கெல்லாம் அடுத்து. டீசல் டேங்க் வாயைச் சுற்றி மட்டும் எண்ணெய் வழிந்து வழிந்து கறுத்திருக்கும், ஆனால் துருப் பிடித்திருக்காது. சக்கரத்துக்குப் பக்கத்தில் செம்பழுப்பாக ஒரு பூச்சு இருக்குமே, அதைப் பார்த்து நிறைய பேர் இன்ஜினே துருப் பிடித்துவிட்டது என்கிறார்கள். அதில் பெரும்பகுதி வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்து பறக்கிற இரும்புத்தூள். ஒட்டிய தூள்தான் துருப்பிடிக்கிறது. கழுவினால் அடியில் பெயிண்ட் நன்றாகவே இருக்கும்.

அந்த நிழல் எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நீலத்தின் மேல் வெள்ளையில் எழுதினால் வெள்ளைக்கு அடியில் வெயில் இறங்காது. சுற்றியுள்ள நீலம் வெளுக்கும், எழுத்துக்கு அடியில் இருக்கும் நீலம் அப்படியே இருக்கும். பிறகு எழுத்தைச் சுரண்டினாலும் அந்த வடிவம் அழுத்தமாக நிற்கும். அதை முழுசாக மறைக்க வேண்டுமென்றால் பக்கம் முழுக்க அடிக்க வேண்டும்.

நீங்கள் பார்த்த கருஞ்சிவப்பு பழைய ஷெட்டின் நிறமாக இருக்கலாம். டீசல் காலத்தில் ஒவ்வொரு ஷெட்டும் தனக்கென்று ஒரு நிறக்கட்டு வைத்திருந்தது. தூரத்தில் வரும்போதே எந்த ஊர் இன்ஜின் என்று சொல்லிவிடுவோம்.

துறைமுகத்திலிருந்து, படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர்

எனக்கு ரயிலைப் பற்றித் தெரியாது அண்ணா. ஆனால் அந்தத் தூள் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகெல்லாம் கரையேறும். எங்களுக்குச் சோறு அந்த நாட்களில்தான்.

புதுப்பிக்க வரும் படகில் நான் முதலில் செய்வது விரலால் தேய்ப்பதுதான். தூள் வந்தால் கவலைப்பட மாட்டேன். வெயில் பெயிண்டில் இருக்கும் பசையைத் தின்றுவிடுகிறது. பசை போனதும் நிறப்பொடி மட்டும் மேலே தங்கி மாவு மாதிரி வருகிறது. அடியில் பெயிண்ட் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். நன்றாகத் தேய்த்துவிட்டு மேலே ஒரு கோட் கொடுத்தால் முடிந்தது.

பயப்பட வேண்டியது கொப்புளத்துக்கு. வெளியே பளபளவென்று இருக்கும், அங்கங்கே அம்மை போட்ட மாதிரி பொரிந்திருக்கும். நகத்தால் குத்தினால் உள்ளே ஈரம். உப்புத் துகள் மேல் கழுவாமல் அடித்திருப்பார்கள். அந்த உப்பு பெயிண்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். அப்புறம் இரும்பை அடியிலேயே தின்னும். படகில் இருக்கும் இரும்பு வேலையில் இதை நிறைய பார்த்திருக்கிறேன். நம் ஊரில் கடல் காற்று நிற்காமல் அடிக்கிறது. உப்பனாற்றுக்குப் பக்கத்தில் வீட்டுச் சன்னல் கம்பியே அப்படித்தான் போகிறது.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். கரண்டு இன்ஜின் ஒன்று பச்சை நிறத்தில் நின்றது. கொப்புளம் எதுவும் கண்ணில் படவில்லை. வெளுப்புத்தான். மனசுக்கு நிம்மதியாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

புதுச்சேரியிலிருந்து

எங்கள் ஸ்டேஷனிலிருந்து கடல் நடக்கிற தூரம். 1879-இல் விழுப்புரத்திலிருந்து போட்ட தடம் இங்கே வந்து முடிகிறது. அதனால் வருகிற இன்ஜின் கழற்றி, மறுமுனைக்குச் சுற்றிப் போய் மாட்டும். இரண்டு பக்கத்தையும் பார்க்க அதுவே எனக்கு வசதி. ஒருமுறை ஒரு பழைய கூட்ஸ் இன்ஜினின் ஒரு பக்கம் மற்ற பக்கத்தைவிட நன்றாக வெளுத்திருந்தது. வெகுநாள் ஒரே திசையில் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்களோ என்னவோ. அம்மாவிடம் காட்டினேன். "லாரி டிரைவர் வலது கை மாதிரி இருக்கு" என்றார். அப்பா லாரி ஓட்டியவர்.

மறுபடியும் முதுநகரிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன பாட்டரிப் பெட்டியை அடுத்த இரண்டு இன்ஜின்களில் பார்த்தேன், இரண்டிலும் மூடி ஓரம் உரிந்திருந்தது. படகுக்கார நண்பர் சொன்னபடி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, கொப்புளம் இருக்கிறதா என்றும் இப்போது தேடுகிறேன். அழகு என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் எது, வயசு எது என்று இப்போது கொஞ்சம் பிரித்துப் பார்க்க வருகிறது.

ஒரு செய்தி. தடத்தில் மின்சாரம் வந்த பிறகு இந்தப் பக்கம் டீசல் கூட்ஸ் குறைந்துவிட்டது. அந்த நீல இன்ஜினை இனி பார்க்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். சென்ற பங்குனியில் வந்தது. எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பணிமனைக்குப் போய்ப் புதுப் பெயிண்டில் வந்திருந்தது. நிழல் எழுத்து இல்லை, கருஞ்சிவப்பு இல்லை, வேறு நிறக் கதவும் இல்லை. எல்லாம் ஒரே நீலம். சந்தோஷமாகவும் இருந்தது, ஏதோ தொலைந்த மாதிரியும் இருந்தது. பழைய படங்களை எடுத்து வைத்திருக்கிறேன், அது ஒரு ஆறுதல்.

லோகோ பைலட் வேறு ஆள். அவரிடமும் கேட்டுவிட்டுக் கிட்டே போனேன். தேய்த்தேன், தூள் வரவில்லை, கை வழுக்கியது. அவர் தன் பையை உள்ளே வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறினார். அந்தக் கம்பியில் கை பிடிக்கிற உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, அடித்துச் சில மாதம்கூட ஆகாத பெயிண்ட் அதற்குள் தேய்ந்து வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது.